கோயில் மேளமா, பட்டறையா, நடவு வயலா? காவிரி டெல்டாவில் இசைக் களஆய்வுக்கு இடம் பார்ப்பது எப்படி

கும்பகோணத்தில் பஸ் ஏறி எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஓர் இசை மரபின் வாசலில்தான் இறங்குவீர்கள். கிழக்கே நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டை, அதையொட்டி சீவாளிக்கு (நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் முனை) பேர்போன திருவாவடுதுறை. தென்மேற்கே பாகவத மேளா நாடகம் நடக்கும் மெலட்டூர். தென்கிழக்கே ஐம்முக முழவம் என்ற ஐந்து முகத் தோல்கருவி இருக்கும் திருவாரூர். கடலோரம் போனால் நாகூர் தர்கா. வழியெல்லாம் வயல், நடவு நேரமாக இருந்தால் வரப்பிலேயே பாட்டுக் கேட்கும். களஆய்வுக்கு வருபவருக்கு இங்கே முதல் சிக்கல் இந்த மிகுதிதான். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்ப்போம் என்று ஆறு மாதம் சுற்றினால், கடைசியில் கையில் மிஞ்சுவது நூறு துண்டு வீடியோவும், எதற்கும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாத ஒரு நோட்டும்தான்.

இந்தக் கட்டுரை ஒரு குறிப்பிட்ட நிலையில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவருக்கு இது முதல் களஆய்வு. கையில் ஆறு மாதம், ஓர் ஒலிப்பதிவுக் கருவி, பஸ்ஸில் போய்வரும் அளவுக்குப் பணம். இசை ஓரளவு தெரியும், வித்துவான் இல்லை. இவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: ஒரே காரியத்தை அதே ஆட்கள் செய்வதை எத்தனை தடவை பார்க்க முடியும்? ஒரு தடவை பார்த்தால் அன்று என்ன நடந்தது என்று எழுதலாம். அது வழக்கமா, அன்றைக்கு மட்டும் நடந்ததா என்று எழுத முடியாது. தேர் அன்று நாயனக்காரர் ஒரு ராகத்தைப் பாதியில் விட்டார் என்றால் அது மரபா, மழை தூறியதாலா, பின்னால் வண்டி ஹாரன் அடித்ததாலா? இருபது தடவை பார்த்தவருக்குத்தான் தெரியும். இசையின் பெருமையும் நம் விருப்பமும் இதற்குப் பிறகுதான்.

கோயில் மேளம்

பெரிய மேளம், அதாவது நாகசுரமும் (பேச்சில் நாயனம்) தவிலும் சேர்ந்தது, என்றாலே எல்லோருக்கும் திருவிழாதான் நினைவுக்கு வரும். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி, வீதியில் விரிவான ஆலாபனை, நாலு தவில் சேர்ந்து தனி ஆவர்த்தனம். கேட்க இதைவிட என்ன வேண்டும்! ஆனால் முதல் களஆய்வுக்குத் திருவிழாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்றுதான் சொல்வோம். பத்து நாளில் முடிந்துவிடும். வாசிப்பவர்களில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து அச்சாரம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்; விழா முடிந்ததும் அடுத்த ஊர் போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தில், அந்த அலைச்சலில், யாரும் உங்களோடு உட்கார்ந்து பேச மாட்டார்கள். பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அதே கோயிலின் நித்தியப்படி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தல், காலசந்தி, உச்சிகாலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்று தினமும் நடப்பது. ஒரு நாயனம், ஒரு தவில். சில கோயில்களில் தாளத்துக்கு ஒருவர். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கேட்பவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், சில நாள் யாருமே இருக்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் இதை நூற்றைம்பது தடவைக்கு மேல் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்பவர்களுக்காக ஒரு சாயரட்சை நோட்டுப் பக்கம் எப்படி இருக்கும் என்று மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறோம்:

மாலை 6.10. தவில்காரர் உறையைக் கழற்றுகிறார். வலந்தலையில் (வலது முகத்தில்) தட்டிப் பார்த்து நட்டை ஒரு சுற்று முடுக்குகிறார். வலது கை விரல்களில் கூடுகளை (விரல் உறைகளை) ஒவ்வொன்றாக மாட்டுகிறார்.

6.16. நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைக்கிறார். ஒன்றைக் கெண்டையில் (சீவாளி பொருத்தும் மேல்முனைக் குழல்) செருகி ஊதுகிறார், கழற்றுகிறார். இன்னொன்று. அதன் வாயை ஊசியால் லேசாக நெம்பி விரிக்கிறார். மூன்றாவதுதான் நின்றது.

6.22. மணி. பூர்விகல்யாணி. திரை மூடியிருக்கிறது.

6.29. அர்ச்சகர் திரைப் பக்கம் கை வைத்ததும் தவில் வேகம் பிடிக்கிறது. தீபாராதனை.

6.31. முடிந்தது. நின்றவர்கள் மூன்று பேர்.

இந்த ஒரு பக்கத்திலேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரண்டு சீவாளி ஏன் சரிப்படவில்லை? தவில்காரருக்குக் குறிப்பு கொடுப்பது அர்ச்சகரின் கையா, திரையா, மணியா? நாளைக்கும் பூர்விகல்யாணியா? மூன்றாவது கேள்விக்குப் பதில் மறுநாள் தானாகவே கிடைத்துவிடும். முதல் இரண்டையும் ஒரு வாரம் கழித்து, அவர் உறையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்கலாம். "ஐயா, இது என்ன ராகம்?" என்று கேட்டால் ராகத்தின் பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "ஐயா, நேத்து இதே நேரத்துக்கு வேற வாசிச்சீங்களே, இன்னைக்கு ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார். நீங்கள் நேற்றும் வந்திருந்தீர்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கும்.

வேலைக்கு ஆள் இல்லாமல் மின்சார மேளம் வைத்துவிட்ட கோயில்கள் நிறைய. மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் சுவிட்ச் போட்டால் அடிக்கும். கோயிலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சாயரட்சைக்குப் போய் நின்று பாருங்கள். அதேபோல ஒத்தையும் தேடிப் பாருங்கள். முன்பெல்லாம் விரல் துளை இல்லாத ஒத்து நாயனத்தை ஒருவர் மூச்சு விடாமல் சுருதிக்குப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்று பெரும்பாலும் அந்த இடத்தில் சுருதிப் பெட்டி இருக்கிறது. ஒரு செட் மேளத்திலிருந்து ஓர் ஆள் குறைந்தது எப்படி என்று கேட்டால் சம்பளம், கல்யாணக் காண்ட்ராக்ட், பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு தானாக விரியும்.

அனுமதியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம். ஆதீனக் கோயில் என்றால் மடத்தில். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஆகவே போனில் பதிவு செய்துகொள்ளலாம் என்று நம்பிப் போகக் கூடாது. தனிக் கருவியின் பெயரை விண்ணப்பத்தில் குறிப்பிட்டுக் கேளுங்கள். கடிதம் வரும்வரை நோட்டும் பேனாவும் போதும். காகித அனுமதி கிடைத்தாலும் மேளக்காரரின் சம்மதம் வேறு. அலுவலகம் வழியாகப் போனால் உங்களை அலுவலகத்து ஆள் என்றே நினைப்பார்கள், சம்பளத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். முதலில் அவர்களைப் பாருங்கள், பிறகு அலுவலகத்துக்குப் போங்கள்.

காலமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாண மேளத்தை நம்பியிருப்பவர்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். நீண்ட பேட்டிகளை அந்த மாதங்களில் வையுங்கள். ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் அவர்களைத் தேடிப் போனால் வீட்டுத் திண்ணையைத்தான் பார்ப்பீர்கள்.

நரசிங்கம்பேட்டைப் பட்டறை

கோயிலுக்கு அடுத்தபடியாக நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இதையே முதலில் சொல்வோம். வேலை பகலில் நடக்கிறது, பேசிக்கொண்டே நடக்கிறது, கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது. என்ன கேட்பது என்று தடுமாற வேண்டியதில்லை. கண்ணில் படுவதைக் கேட்டால் போதும்.

நாகசுரத்தின் உடல் ஆச்சா மரம். புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்த உத்தரமும் தூணும்தான் வேண்டும். பச்சை மரம் காய்ந்து சுருங்கினால் துளை கோணிச் சுருதி போய்விடும். அடியில் விரியும் அணசு தனிப் பகுதி. மேலே கெண்டை, அதில் சீவாளி. விரலுக்கு ஏழு துளை. அதற்குக் கீழே ஐந்து. அந்த ஐந்தும் விரல் வைக்க அல்ல, மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்க்க. குட்டையாகவும் உச்ச சுருதியிலும் இருந்த திமிரியிலிருந்து நீளமான பாரி நாயனத்துக்கு மாறிய கதையும் இந்த ஊரோடுதான் பின்னியிருக்கிறது. நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்காக இங்கே ரங்கநாத ஆசாரி செய்து கொடுத்த பாரி நாயனத்தில்தான் சுத்த மத்யமம் சிரமமில்லாமல் பேசியது என்பது இன்றும் ஊரில் சொல்லப்படும் செய்தி. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தக் குறியீட்டுக்குப் பிறகு கேமராவோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். முதல் நாள் நீங்கள் கேட்பதெல்லாம் ஏற்கெனவே பலருக்குச் சொல்லிப் பழகிய பதில்களாகவே இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டால் நாளிதழ்ச் செய்திக்கு மேல் எதுவும் தேறாது. இதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு மரத்துண்டைத் தேர்ந்தெடுத்து, அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதில் ஆரம்பித்து, அறுப்பு, கடைசல், துளையிடல், துளைகளைச் சரிசெய்தல் என்று போய், கடைசியில் எந்த வித்துவான் கைக்குப் போகிறது என்பதுவரை தொடருங்கள். பாதியில் வெடித்தால் அதுவும் தரவுதான். ஏன் வெடித்தது என்று அவர்கள் பேசிக்கொள்வது, உங்களுக்காகச் சொல்லும் விளக்கத்தைவிடப் பத்து மடங்கு மதிப்புள்ளது.

அளவெடுப்பதில் கவனம் தேவை. துளைக்குத் துளை உள்ள தூரமும் உள்விட்டமும் பரம்பரைச் சொத்து. கேட்காமல் ஸ்கேலை எடுத்து வைத்தால் மறுநாள் பட்டறைக் கதவு பாதிதான் திறக்கும். பழைய, விற்றுப்போன நாயனம் ஒன்றை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு அளப்பதே நல்லது.

பட்டறையின் பெரிய குறை, அங்கே வாசிப்பு இல்லை என்பது. செய்பவர் "நல்லாப் பேசுது" என்பார். வாங்க வந்தவர் ஊதிப் பார்த்துவிட்டு "மேல் ஷட்ஜம் கொஞ்சம் இறங்குது" என்பார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் ஆய்வு இருக்கிறது. வாங்க வருகிற அன்று நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாணல் தட்டையின் தடிமனில் மயிரிழை மாறினாலும் சீவாளியின் குரல் மாறும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சீவாளி தளர்ந்துபோவதும், கோடையில் விறைத்துக்கொள்வதும் வாசிப்பவரின் தினசரிக் கவலை. நரசிங்கம்பேட்டை தஞ்சாவூர் மாவட்டம், பக்கத்துத் திருவாவடுதுறை மயிலாடுதுறை மாவட்டம். கலைப் பண்பாட்டு அலுவலகங்களில் கடிதம் கேட்டால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியிருக்கும்.

நடவுப் பாட்டு, ஒப்பாரி

இதைத் தேர்ந்தெடுப்பவர் பெண்ணாக இருந்தால் பாதி வழி கடந்த மாதிரி. ஆணாக இருந்தால் முடியாது என்றில்லை, ஆனால் கேட்கக் கிடைப்பது வேறாக இருக்கும். கேலியும், குடும்பத்து வலியும், பண்ணையாரை இடிக்கும் வரிகளும் ஆம்பளை நிற்கும் வரப்பில் அடங்கிவிடும்.

காலக் கணக்கு இங்கே கறாரானது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் குறுவை நடவு ஜூலையை ஒட்டி வரும். சம்பா நடவு செப்டம்பர், அக்டோபரில். அணை திறப்பு தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும், சில ஆண்டு குறுவையே இருக்காது. ஓர் ஊரில் கைநடவு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்காது. அதனால் எங்கள் அளவுகோலில் இது பின்தங்குகிறது. அதோடு நடவு இயந்திரம் வந்த ஊரில் பாட்டு இல்லை. நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடையில் நேரடி விதைப்பு செய்யும் இடங்களில் நடவே இல்லை. ஊரைத் தீர்மானிக்கும் முன் வேளாண் விரிவாக்க மையத்தில் போய், கைநடவு எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். நாட்டுப்புறவியல் புத்தகத்தில் அந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று போய் இறங்கினால் வயலில் மெஷின்தான் நிற்கும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, பாடும் அக்காவை மாலையில் வீட்டில் உட்காரவைத்துப் பாடச் சொல்வது. இரண்டு நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். வயலில் அதே பாட்டு அரை மணி நேரம் ஓடும். ஏனென்றால் அங்கே அவர் எதிரில் இருப்பதையெல்லாம் வரியாக்குகிறார்: தாமதமாக வந்தவள், டீ கொண்டுவராத வயல்காரர், மேகம். மற்றவர்கள் வாங்கிப் பாடும் நேரம்தான் அவருக்கு அடுத்த வரி யோசிக்கும் நேரம். வீட்டில் வாங்கிப் பாட ஆளில்லை, குனிந்து நடும் கையின் வேகமும் இல்லை, கடைசியில் குலவையும் இல்லை. வீட்டுப் பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. வயல் பதிவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு வீட்டில் போட்டுக் காட்டி வரிக்கு வரி பொருள் கேளுங்கள்.

பதிவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நடுகிறவர்கள் பின்னோக்கி நகர்வார்கள். நீங்கள் கருவியை வைத்த வரப்பிலிருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் விலகிப்போவார்கள், பாதிப் பாட்டு காற்றிலும் பம்புசெட் சத்தத்திலும் கரைந்துவிடும். பக்கவாட்டு வரப்பில் நின்று, நாலைந்து மீட்டர் இடைவெளியில் அவர்களோடு கூடவே நகருங்கள். நானும் நடுகிறேன் என்று வரிசையில் இறங்காதீர்கள். ஓர் ஆள் பின்தங்கினால் வரிசை முழுக்கக் கோணும், காண்ட்ராக்டில் நடுபவர்களுக்கு அது கூலி நஷ்டம். நாற்று முடியை எடுத்து வீசிக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அது உதவியாகவும் இருக்கும், காதும் ஓய்வாக இருக்கும்.

ஒப்பாரியை நடவின் தொடர்ச்சியாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள், பாடுபவர் பெரும்பாலும் அதே பெண்கள்தான் என்பதால். ஆனால் சாவு வீட்டில் கருவியை நீட்டாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, வீட்டாரோடு பழக்கம் இருந்தால், கேட்கலாம். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பாடுகிறவர்களே மறுப்பார்கள். அது கூச்சத்தால் வந்த மறுப்பு என்று நினைத்து வற்புறுத்துவது பெரிய பிழை. ஊருக்கு வெளியே களத்து மேட்டிலோ தோப்பிலோ உட்கார்ந்து பாட அவர்களே சம்மதிப்பதுண்டு. இடத்தை அவர்கள் சொல்லட்டும்.

தப்பு

டெல்டாவில் பறையைத் தப்பு என்றே பெரும்பாலும் சொல்வார்கள். வேப்பமரச் சட்டம், தோல், வைக்கோல் நெருப்பில் காய்ச்சல்; ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. அடிகளை வகைப்படுத்திக் குறிப்பது இசை தெரிந்தவருக்கு ஒரு மாத வேலை. மீதி ஐந்து மாத வேலை, யார் எதற்கு அடிக்க மறுக்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பது. சாவுக்கு அடிக்கும் கட்டாயத்தைத் தலித் மக்கள்மேல் சாதி சுமத்தியிருக்கிறது. அதை உதறிவிட்டு மேடையில் மட்டும் அடிக்கும் குழுக்கள் இருக்கின்றன, அதே ஊரில் சாவுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களால் இவர்களுக்கு ஓய்வே இருக்காது. நாயனக்காரர்கள் வீட்டில் இருக்கும் அதே மாதம். இந்தத் தேர்வை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் ஊரின் இரு பக்கமும் நம்பும் ஓர் ஆளாக நிற்க முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் எடுங்கள். ஊர்த் தெருவில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, காலனிக்குப் பகலில் போய்வருவது நடக்காது. எங்கே தங்குகிறீர்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்பதிலேயே இரு பக்கமும் உங்களை எடைபோட்டுவிடும்.

மெலட்டூர், நாகூர்

ஒரு மாதமே இருக்கிறது என்பவருக்கு மெலட்டூர் பொருந்தும். நரசிம்ம ஜயந்தியையொட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி இயற்றிய தெலுங்கு நாடகங்களை ஆண்களே எல்லா வேடமும் ஏற்று இரவில் ஆடுகிறார்கள். நடிப்பவர்கள் பலர் வெளியூரில் வேலையில் இருந்து விழாவுக்கு வருகிறவர்கள். ஒத்திகையைப் பிடித்தால்தான் ஆய்வு; நாடகத்தை மட்டும் பார்த்தால் அது ரசனை. தெலுங்கு பாட்டின் பொருளாவது தெரிந்திருக்க வேண்டும்.

நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி பதினான்கு நாள். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுதோறும் பதினோரு நாள் போல முன்னால் வரும். கல்லூரிக் கால அட்டவணையோடு மோதுகிறதா என்று பாருங்கள். தாயிரா என்ற கைப்பறையைத் தட்டிப் பாடும் பக்கீர்களை விழா இல்லாத வியாழன் மாலைகளில் போய்ப் பாருங்கள், அப்போதுதான் பேச நேரம் கிடைக்கும்.

கற்றுக்கொள்வதா, கேட்பதோடு நிற்பதா

ஆய்வாளர் தான் ஆராயும் இசையை வாசிக்கவும் கற்க வேண்டும் என்பதை 1960இல் அமெரிக்க இசை ஆய்வாளர் மேண்டில் ஹூட் வலியுறுத்தினார்; இரட்டை இசைத்திறன் என்று அதைச் சொல்லலாம். கொள்கை சரிதான். ஆனால் ஆறு மாதத்தில் நாகசுரம் கற்கிறேன் என்று இறங்கினால் சீவாளியில் ஒழுங்காக ஒலி வரவழைப்பதிலேயே பாதி போய்விடும். குருவும் உங்களை ஆய்வாளராகப் பார்க்காமல், வராத மாணவனாகவே பார்ப்பார். நாங்கள் சொல்வது தாளம். மேளத்தில் ஜால்ரா போடுவது சின்ன வேலை என்று தோன்றும். ஆனால் அதைப் போடுபவர் நாயனத்துக்கும் தவிலுக்கும் நடுவில் நிற்கிறார். புறப்பாட்டில் அவருக்கு இடம் உண்டு, மல்லாரி மூன்று காலத்தில் மாறும்போது அவர் கை தவறினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்று மாதத்தில் எளிய புறப்பாடுகளுக்குப் போடும் அளவு வந்துவிடலாம். தவில் சொற்கட்டை வாயால் சொல்லப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. குருவுக்குத் தட்சிணையை வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வையுங்கள். மாதா மாதம் எண்ணிக் கொடுக்கும் டியூஷன் ஃபீஸ் மாதிரி ஆக்காதீர்கள்.

தங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலைத் தேர்ந்தெடுத்தால் நடந்து போகும் தூரத்தில் அறை பாருங்கள். திருவனந்தல் விடியலில், அர்த்தசாமம் இரவில். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் போய்வருபவர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும்தான் பார்ப்பார். நீலாம்பரி வாசிக்கும் பள்ளியறை நேரத்தில் அவர் பஸ்ஸில் இருப்பார். பட்டறைக்கும் நடவுக்கும் போய்வந்தால் போதும். நரசிங்கம்பேட்டையில் ரயில் நிலையமே இருக்கிறது, எந்தெந்த வண்டி நிற்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி

போன் ஏன் போதாது என்றால், அது ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். தவில் அடி விழும்போதெல்லாம் நாயனம் பள்ளத்தில் விழுந்து எழும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்தத் தானியங்கியை அணைக்கக்கூடிய கையடக்கப் பதிவுக்கருவி ஒன்று போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இந்த அளவில் ஒரு மணி நேர ஸ்டீரியோ சுமார் ஒரு ஜிபி. 64 ஜிபி அட்டையில் அறுபது மணி நேரம் கொள்ளும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி முதலிலேயே வையுங்கள், ஏனென்றால் தவில்காரர் சரிபார்க்கும்போது தட்டுவதும் தீபாராதனையில் தட்டுவதும் ஒன்றல்ல. தவிலுக்கு நேரே நிற்காமல் நாயனத்தின் பக்கமாக நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பிராகாரத்தில் கல் எதிரொலி. தூண் மறைவில் ஒதுங்கினால் குறையும். காற்றுக்கு ரோம உறை கட்டாயம்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், என்ன நிகழ்ச்சி, யார் வாசிக்கிறார் என்று வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் அது அழியாது. அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும்; நடவு வயல் பதிவு, எல்லோரும் ஒன்றாகப் பேசுவதால், இன்னும் கூட. அறுபது மணி நேரம் பதிவு செய்துவிட்டேன் என்று மகிழ்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபது மணி நேரப் பதிவை முழுக்க எழுத்தாக்கியவர், அறுபது மணி நேரத்தைக் கேட்காமலே வைத்திருப்பவரைவிட முன்னால் இருக்கிறார்.

எது யாருக்கு

ஆறு மாதம் முழுதாக இருக்கிறது, விடியலில் எழ முடியும் என்றால் நித்தியப்படி மேளம். அதோடு மாதம் மூன்று நாள் நரசிங்கம்பேட்டை. உங்கள் நாயனக்காரர் வைத்திருக்கும் நாயனம் எந்தப் பட்டறையில் பிறந்தது என்று தேடிப் போனாலே இரண்டும் ஒன்றாகிவிடும். இதைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். பேசத் தயங்குபவர், கைவேலையில் ஆர்வமுள்ளவர் பட்டறையை மையமாக வைத்துக்கொண்டு, மேளத்தைத் துணையாக வைக்கலாம். பேச்சுத் தமிழில் காது கூர்மையான பெண், ஜூலையிலோ செப்டம்பரிலோ தொடங்க முடிந்தால், நடவு. முதல் மாதம் பதிவு, மீதி மாதங்கள் வீட்டுத் திண்ணையில் பொருள் கேட்பது. திருவிழா, தேர், கந்தூரி எல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு.

எதை எடுத்தாலும் சம்மதத்தை முதல் நாளே கையெழுத்து வாங்கி முடித்துவிடாதீர்கள். முதலில் வாய்மொழியாக, எதற்காக, யார் கேட்பார்கள், இணையத்தில் போடுவீர்களா என்று சொல்லுங்கள். சில வாரம் கழித்து, பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, மீண்டும் கேளுங்கள். வாசிப்பவருக்குத் தன் வாசிப்பின்மேல் சட்டப்படி உரிமை உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் அதைத் தந்தது, இன்று அதன் காலம் ஐம்பது ஆண்டு. வேலை நேரத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பேசினால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். கிளம்பும் முன் பதிவுகளைப் பென் டிரைவில் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள், கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்து. நடவு பாடிய அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் இருக்காது. அவர் மகன் போனில் ஏற்றி, ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.